பற்று வரவு

கண்ணாடி உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.
ராத்திரி இரண்டே கால்.
ஐஸ் கம்பெனியில் பார் இறக்குகிறார்கள் என்று
புரண்டு படுத்தேன்.
மறுநாள் மண்டபத்தில் பாதிப் பேர்
இப்படித்தான் சொன்னோம்.
மீதிப் பேர்
அன்றைக்கு ஐஸ் கம்பெனி லீவு என்றார்கள்.

நாலு மணிக்கு நண்டுக் கம்பெனி வேன்.
போகிற வழியில் பார்த்தேன்.
சுக்கான் புத்தகக் கடையின் ஷட்டர்
வகுந்துபோட்ட திருக்கை மாதிரி கிடந்தது.
உள்ளே புகை, புகைக்குக் கீழே தண்ணீர்,
தண்ணீரில் எழுத்து.
படியில் உவைஸ் அண்ணன்,
இடது காலில் மட்டும் செருப்பு.
என்ன கேட்பது என்று தெரியாமல்
"டீ குடிச்சீங்களாண்ணே" என்றேன்.
ஹாரன் அடித்தார்கள். ஏறிக்கொண்டேன்.

சாயங்காலம் கடை முன்னால் ஊர் நின்றது.
"அந்தப் புத்தகத்த அவரு வச்சிருக்க வேணாம்"
என்றது கூட்டத்தில் ஒரு குரல்.
"எந்தப் புத்தகம்?" என்றாள் எமல்டா.
குரலுக்குப் பெயர் தெரியவில்லை.
எஸ்.ஐ.யும் வந்து அதையேதான் கேட்டார்,
எந்தப் புத்தகம், எந்தப் புத்தகம் என்று,
புத்தகம்தான் பெட்ரோல் வாங்கி வந்ததுபோல.
பைக் நம்பர் எல்லாருக்கும் தெரியும்.
ஒருவருக்கும் ஞாபகமில்லை.

விசைப்படகுச் சங்கம் கண்டன நோட்டீஸ் ஒட்டியது.
நாலு பிழை.
உவைஸ் அண்ணன் அன்றுதான் சிரித்தார்,
பேனா கேட்டார்.

நனைந்ததை எல்லாம்
காரல் காயப்போடும் வலையில் பரப்பினோம்.
கச்சான் காற்று பக்கம் புரட்டியது,
நாளைக்குப் பரீட்சை இருப்பவன் மாதிரி.
கருவாடு என்று இறங்கிய காக்கை
ஏழாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டியைக்
கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்தது.

கல்லாவில் இருந்த கடன் நோட்டு
முழுசாய்ப் போயிருந்தது.
மூன்றாம் நாள்
பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு
முத்திருளாயி வந்தாள்.
"மக பரீட்சைப் புத்தகத்துக்கு
முந்நூத்தி நாப்பது நிக்குது."
பிறகு நூற்றுப்பத்து ஒருவர். அறுபது ஒரு பையன்.
அப்புறம் ரயில்வே கேட் கீப்பர் தர்மகண்:
"எண்ணூறு இருக்கும்னு நெனக்கிறேன்."
அவர் யாரிடமும் கடன் வைக்காத ஆள்.
"நோட்டுல ஒங்க பேரே கெடையாதே."
"நோட்டே கெடையாதே" என்றார்.

நான் ஒரு புத்தகமும் வாங்கியதில்லை.
ஷிப்ட் முடிந்து, நண்டு வாடை போகாத கையைத்
தாவணியில் துடைத்துக்கொண்டு
கடைசி அலமாரியில் நின்றே படிப்பேன்,
பதினோரு மாதமாய், ஒரே புத்தகம்.
ஒருநாள் விட்ட இடத்தில்
பழைய பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது.
வைத்தவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு வரை வந்திருந்தேன்.

நின்று படித்ததற்கு என்ன கணக்கு?

வரிசை கலைந்தபின் போனேன்.
புது நோட்டை விரித்து வைத்திருந்தார்.
"ஒனக்கென்னம்மா பாக்கி, ரெக்ஸலின்?"

புரண்டு படுத்தேன் என்றது பொய்.
ஜன்னலுக்கு வந்தேன்.
விளக்குக் கம்பத்தடியில்
வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மூன்று உதை உதைத்தான்.
அவ்வளவு நேரம் போதும்
ஒரு நம்பரை வாசிக்க.
வாசிக்கப் பழகிய கண்.

சொன்னேன். குரல் நடுங்கியதால் இரண்டு தடவை.
அவர் எழுதவில்லை,
மூடியைக் கழற்றிய பேனாவை என்னிடம் நீட்டினார்.
பற்றில் எழுதுவதா வரவிலா என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.
கோட்டின் மேலேயே எழுதினேன்.

நாளைக்கு நாலு மணிக்கு வேன் நான் இல்லாமல் போகும்.
ஸ்டேஷன் பத்துக்குத்தான் திறப்பார்களாம்.
எமல்டா கூட வருகிறேன் என்றாள்,
அப்புறம் அம்மாவைக் கேட்கணும் என்றாள்.

இருநூற்றுப் பதிமூன்று
வலையில் காய்கிறதா, கரியில் போனதா,
இன்னும் போய்ப் பார்க்கவில்லை.